ஆஸ்திரேலியா மரத்தின் தாகம்

கிள்ளான் ஈரநில நல்வாழ்வு வாரியம் ஒரு மரத்தை நம்பி ஏற்படுத்தப்பட்டது. மரம் கப்பலில் வந்து சேர்வதற்கு முன்பே வாரியத்துக்குத் தலைவர் வந்துவிட்டார், உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள், ஆண்டு விருந்து ஒன்றும் நடந்து முடிந்துவிட்டது. பிறகுதான் மரம் வந்தது.

அது ஆஸ்திரேலியாவின் கடலோரச் சேற்று நிலங்களில் வளரும் தைல மர வகை. பட்டை செம்பழுப்பு நிறத்தில் கனமாக இருக்கும். விரலால் அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போகும். அகலமான இலை. கசக்கி முகர்ந்தால் மருந்துக்கடைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். வாரியம் அதைச் சதுப்பு மகோகனி என்றது. பாயா லயத்து ஜனங்கள் 'ஆஸ்திரேலியாக்காரன்' என்றார்கள்.

பாயா என்றால் மலாய் மொழியில் சதுப்பு. கிள்ளான் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி, அந்தச் சதுப்பின் மேல்தான் ரயில்வே கூலிகளுக்கு வரிசை அறைகளாக லயம் கட்டியிருந்தார்கள். நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். எப்போதும் தண்ணீர் கசியும் இடம்தான். ஆனால் லயத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. ரயில் பாதை போட்டபோது வெட்டியது. சதுப்புத் தண்ணீரை அது ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டது. அதனால் காய்ச்சல் உண்டு என்றாலும் அடக்கமாக இருந்தது.

சதுப்பை உறிஞ்சிக் காய்ச்சலை ஒழிப்பதற்காக மரக்கன்றுகளை நட்டார்கள். அவை நன்றாகவே பிடித்துக்கொண்டன. மரத்தின் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

வாரியத் தலைவர் ஆட்டர்பரி துரை ஒரு வெயில் மாதத்தில் மரங்களைப் பார்க்க வந்தார். மரத்தடியில் மண் லேசாக வெடித்திருந்தது. துரை அதைத் தன் கைத்தடியால் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சிவந்துபோனார்.

"இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டார்.

வாரியத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியார் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர், வாய்க்காலைக் காட்டினார்.

"மரம் குடிக்க வேண்டிய தண்ணீரை வாய்க்கால் குடிக்கிறது!" என்றார் துரை. "ஆயிரக்கணக்கான மைல் தாண்டி அழைத்து வந்த விருந்தாளியைத் தாகத்தில் நிறுத்திவைப்பது நம்முடைய பண்பு அல்ல."

அந்த வாரமே கார்த்திகேசு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, வாய்க்காலின் வாயில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். மழை பிடித்தது. தண்ணீர் லயத்தின் பலகைத் தரைக்கு அடியில் வந்து நின்றது. தவளைகள் அடுப்படியில் உட்கார்ந்தன. சாயங்காலமானால் கொசு, பேசுகிறவர்கள் வாய்க்குள் போயிற்று. மரங்கள் செழித்தன.

பிறகு காய்ச்சல் வந்தது. இந்த முறை அடக்கமாக வரவில்லை.

வாரியம் கூடியது. கூடி, காய்ச்சல் ஒழிந்துவிட்டது என்று தீர்மானித்தது. இதை லயத்து ஜனங்களுக்கு அறிவிக்க ஆட்டர்பரி துரை நேரில் வந்து ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று பேசினார். நாற்காலி சேற்றில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் கார்த்திகேசு தமிழில் சொன்னார்.

"சதுப்பால் காய்ச்சல் வரும். மரம் சதுப்பைக் குடிக்கும். மரம் நட்டாயிற்று. ஆகவே சதுப்பு இல்லை. சதுப்பு இல்லாததால் காய்ச்சலும் இல்லை. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. இனிமேல் இங்கே யாருக்காவது காய்ச்சல் கண்டால் அது வெளியூரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல். கொண்டுவந்தவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வாரியமே கப்பல் ஏற்றி அனுப்பும்."

முழங்கால் அளவு தண்ணீரில் நின்று எல்லோரும் இதைக் கேட்டார்கள்.

முதலில் மாட்டியவர் கன்னையா என்கிற தண்டவாளக் கூலி. லயம் கட்டிய நாளிலிருந்து அங்கேயே இருந்தவர். குளிர் வந்து பல் கிட்டிக்கொண்டு வேலைத்தலத்தில் விழுந்துவிட்டார். வாரியத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"எங்கேயிருந்து கொண்டுவந்தாய்?" என்று கேட்டார் துரை.

"இங்கேயே வந்ததுங்க தொர. நான் எங்கேயும் போகலீங்க."

"இங்கே காய்ச்சல் இல்லை. உனக்குக் காய்ச்சல் இருக்கிறது. ஆகவே நீ இங்கே இருந்திருக்க முடியாது."

கன்னையா தன்னோடு தண்டவாளம் தூக்கியவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் அந்த லயத்தில் எப்போதுமே வசித்ததில்லை என்று வாரியம் முடிவு செய்து, மாட்டு வண்டியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பியது. அவருடைய அறையில் அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதை ஒரு கூலி மிதித்து அணைத்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த கொய்னா மருந்தையும், காய்ச்சல் இல்லாத ஊருக்கு அது எதற்கு என்று சொல்லிக் கோலாலம்பூருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஸ்டானிஸ்லாஸின் மனைவிக்குக் குளிர் கண்டது.

ஸ்டானிஸ்லாஸ் கிள்ளான் ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிடுவதும், எஞ்சினுக்குக் கொடி காட்டுவதும் அவன் வேலை. கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம், நாகப்பட்டினத்துப் பக்கம். பயந்த சுபாவம். ஸ்டேஷன் மாஸ்டர் இருமினாலே எழுந்து நின்றுவிடுவான். பெர்னடெட்டை அவன் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் இவனுக்கு நேர்மாறு. நினைத்ததைச் சொல்லிவிடுகிறவள்.

மதிய வண்டி போன நேரம். அவன் சாப்பிட வந்தபோது அவள் இரண்டு கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தாள். கட்டில் கிடுகிடுவென்று ஆடியது.

"ஏங்க, கதவைச் சாத்துங்க," என்றாள்.

அவன் கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கட்டில் கால் சத்தம் போடாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். குளிர் விட்டு, சூடு ஏறி, வேர்த்துக் கொட்டி அவள் தூங்கியபோது அவன் கை மரத்துப்போயிருந்தது.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள், அதே மதிய வண்டி நேரத்துக்கு, மறுபடியும்.

பக்கத்து அறை இராஜம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். அவளுடைய புருஷன் பக்கிரிசாமிக்கும் இதே முறைக்காய்ச்சல்.

"தம்பி, கதவைச் சாத்தி வச்சா கிராணியாருக்குச் சந்தேகம் வரும்," என்றாள் இராஜம்மா. "தொறந்து வை. கையில வேப்பிலையக் குடு. யாராவது கேட்டா அம்மா எறங்கியிருக்கான்னு சொல்லிடு. எங்க ஆளுக்கு நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன். லயத்துல பாதிப் பேருக்கு இப்ப ஆத்தாதான்."

"நாங்க வேதக்காரங்க அக்கா."

"அதனால என்ன? அவ பேதம் பாக்க மாட்டா."

சாக்குக்குள்ளிருந்து பெர்னடெட்டின் குரல், பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு, வந்தது. "ஞாயித்துக்கெழம சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல நான் என்னன்னு சொல்றது? மாரியம்மா வந்தான்னா?"

"வந்துட்டுப் போயிட்டான்னு சொல்லு," என்றாள் இராஜம்மா.

இந்த ஏற்பாடு சில வாரங்கள் நடந்தது. லயத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு அருள் வருவதைக் கார்த்திகேசு பார்த்தார். வாரியத்துக்குச் செய்தி போயிற்று. ஆட்டர்பரி துரை மறுபடி நாற்காலி மேல் ஏறினார்.

"உங்கள் மதத்தில் வாரியம் தலையிடாது. இந்த அம்மனிடம் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எந்த உத்தியோகத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆகவே அம்மன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இறங்கலாம். மற்ற நாட்களில் இறங்கினால் அவள் வெளியூரிலிருந்து வந்தவளாகக் கருதப்படுவாள்."

அந்த வாரம் பெர்னடெட்டின் முறை திங்களும் புதனும் வெள்ளியுமாக இருந்தது.

அடுத்ததாக வாரியம் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தது. கார்த்திகேசு தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய ஒரு கண்ணாடி டம்ளரோடு வீடு வீடாக வருவார். ஒவ்வொருவரும் அதைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். சிந்தினால் வண்டி. முதல் நாளே இரண்டு குடும்பங்கள் போயின. ஒருவருக்குக் காய்ச்சலே இல்லை; பயத்தில் சிந்திவிட்டார். பயமும் வெளியூரிலிருந்து வந்ததாகவே வாரியம் எடுத்துக்கொண்டது.

புதன்கிழமை மதியம் அவர்கள் வரிசைக்குச் சோதனை என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து இரண்டு முறை தப்பான கொடியை எடுத்தான். மாதாவை வேண்டினான். யாரும் பார்க்காதபோது, இராஜம்மா சொன்ன அம்மனையும் வேண்டிக்கொண்டான்.

கார்த்திகேசு குடையோடும் டம்ளரோடும் லயத்தின் கோடியில் நுழைவது யார்டிலிருந்தே தெரிந்தது. லயத்தை உரசினாற்போல ஒரு பக்கத் தண்டவாளம் உண்டு. மரம் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று எஞ்சினோடு காத்து நின்றது. ஸ்டானிஸ்லாஸ் லீவரை இழுத்தான். பக்கத் தண்டவாளத்துக்கு வழி விட்டுப் பச்சைக் கொடியைக் காட்டினான்.

எஞ்சின் டிரைவர் ஒன்றும் கேட்காமல் வண்டியைப் பின்னால் தள்ளினார். முழு பாரம். சேற்றின் மேல் நின்ற லயம் முழுக்க அதிர்ந்தது. கொடியை மாற்றினான்; வண்டி முன்னால் போயிற்று. மறுபடி பச்சை, மறுபடி பின்னால்.

"என்னய்யா, தாலாட்டா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"மாஸ்டர் சொன்னாரு!" என்று ஸ்டானிஸ்லாஸ் கத்தினான். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பொய்யை அவன் சொன்னதில்லை.

லயத்துக்குள் சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இராஜம்மாவின் அரிக்கேன் விளக்கு ஆணியிலிருந்து விழுந்தது. பெர்னடெட் எழுந்து வாசலில் நின்றாள். அவள் ஆடினாள், கதவு ஆடியது, கார்த்திகேசு ஆடினார். டம்ளரை அவள் கையில் கொடுப்பதற்கு முன்பே தண்ணீரெல்லாம் அவருடைய கோட்டின் மேல் போய்விட்டது.

"என்ன காணும் இது, பூமியெல்லோ நடுங்குது!" என்றார். கலவரத்தோடு மரத்தைப் பார்த்தார். குடையைக் கூட விரிக்காமல் ஓடினார்.

ஸ்டானிஸ்லாஸ் அன்று சாயங்காலம் போலீஸ் வரும் என்று எதிர்பார்த்து, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போலீஸ் வரவில்லை. ஆட்டர்பரி துரை வந்தார். மகிழ்ச்சியாக வந்தார்.

"பூமி நடுங்கியதாமே! அது என்ன தெரியுமா? மரம் குடிக்கிறது! வேர்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது நிலம் அதிர்கிறது. இதை நான் எப்போதோ எதிர்பார்த்தேன்," என்றார். "வரும் வெள்ளிக்கிழமை லயத்தார் அனைவரும் செருப்பில்லாமல் மரங்களைச் சுற்றிக் கைகோத்து நின்று அந்த அதிர்வை உணர வேண்டும். இது கட்டாயம். வாரியத்தின் மனமார்ந்த அன்பளிப்பு."

புதன் போய் வெள்ளி. பெர்னடெட்டின் முறை நாள்.

"நீ போக வேணாம்," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"போகலேன்னா ஏன் வரலேன்னு வருவாங்க. போனா நடுங்குவேன். எப்படியும் வண்டிதான்." அவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "கையை மட்டும் விட்டுடாதீங்க."

மரத்தைச் சுற்றித் தண்ணீர் தொடைவரை இருந்தது. நூறு பேருக்கு மேல் கைகோத்து நின்றார்கள். பக்கிரிசாமிக்கு அன்று முறை இல்லை. இருந்தும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மதிய வண்டி ஊதியது. ஸ்டானிஸ்லாஸின் கைக்குள் இருந்த அவள் விரல்கள் குளிர்ந்தன. பிறகு தொடங்கியது. தோள், தாடை, தலை. கைகோத்திருந்ததால் அது அவன் வழியாக அடுத்த ஆளுக்கும் போயிற்று.

ஆட்டர்பரி துரை தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அபாரம்!" என்றார் துரை. "இந்தப் பெண்ணைப் பாருங்கள்! மரம் குடிப்பதை இவளைப் போல யாருமே உணரவில்லை! இவளை நான் கோலாலம்பூருக்கு அழைத்துப் போகப் போகிறேன். பெரிய துரைமார்கள் இவளைப் பார்க்க வேண்டும். நாளைக்கே!"

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வராது. இத்தனை நாள் அவள் நடுங்கிவிடுவாளே என்று பயந்த ஸ்டானிஸ்லாஸ், இப்போது நடுங்க மாட்டாளே என்று பயந்தான்.

கோலாலம்பூரில் ஒரு மண்டபம். மேடையில் ஒரு தொட்டிக்குள் மரக்கன்று. முன் வரிசையில் மீசை வைத்த துரைமார்களும் விசிறி வைத்த துரைசானிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் கதவோரம் நின்றான். ஆட்டர்பரி துரை பெர்னடெட்டின் கையை எடுத்துத் தொட்டியின் மேல் வைத்தார்.

அவள் கல்லாக நின்றாள். மண்டபத்தில் யாரோ செருமினார்கள். பெர்னடெட் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் கையை லேசாக ஆட்டிக் காட்டினான். அவள் முடியாது என்று தலையசைத்தாள். பயத்தைவிட அவளுக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

துரை ஒரு நிமிஷம் யோசித்தார். அவ்வளவுதான்.

"கவனித்தீர்களா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். "ஓர் அசைவும் இல்லை! இந்தக் கன்றுக்கு இன்று காலைதான் தண்ணீர் ஊற்றினோம். இதற்குத் தாகம் இல்லை. தாகம் இல்லாத மரத்தைத் தொட்டால் நடுக்கமும் இல்லை. இதைவிட வேறென்ன ருசு வேண்டும்?"

கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆயிற்று. வாரியத்துக்கு மேலும் கன்றுகள் அனுமதிக்கப்பட்டன. இவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வண்டியில் ஊருக்குப் போய்க்கொள்ளலாம் என்று வாசல் சேவகன் சொன்னான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்த ஒரு பாயின்ட்ஸ்மேன் வீடு இருந்தது. அங்கே தங்கினார்கள். ஞாயிறு மதியம் குளிர் வந்தது. இதுவரை வந்ததிலேயே பெரிது. அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வாலண்டைன் என்ற டிரெசர், டாக்டருக்கு உதவியாள், தமிழர், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்த ஊருங்க?"

ஸ்டானிஸ்லாஸ் கதவைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. இருந்தும் அவன் வாயில் வந்தது இதுதான்: "கிள்ளானுங்க. ஆனா கிள்ளான்ல காய்ச்சல் கிடையாதுங்க. இவளுக்கு ரயில் ஒத்துக்கலீங்க."

"ரயில்காரன் பொண்டாட்டிக்கு ரயில் ஒத்துக்கலையா?"

"ஆமாங்க."

கட்டிலிலிருந்து பெர்னடெட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சாவறப்பவுமா?" என்றாள். பிறகு டிரெசரைப் பார்த்துச் சொன்னாள். "பாயா லயம் அண்ணே. அங்க அத்தனை பேருக்கும் இதுதான். வாய்க்காலை அடைச்சுட்டாங்க. சொன்னா கப்பல்ல ஏத்திடுவாங்க."

வாலண்டைன் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. "கிள்ளான்லேருந்து திரும்பி வந்த கொய்னா. பிரிக்கவே இல்லை. காய்ச்சலே இல்லாத ஊர்னு சொன்னாங்களே, நல்ல ஊரா இருக்கும்போல, மாத்தல் கேக்கலாம்னு இருந்தேன்."

அவர் மருந்தைக் கரைத்துக் கொடுத்தார். கசப்பில் பெர்னடெட் முகத்தைச் சுளித்தாள். ஸ்டானிஸ்லாஸ் அந்தச் சுளிப்பைப் பார்த்து அழுதுவிட்டான்.

அவள் வார்டில் இருக்க, அவன் மட்டும் திங்கட்கிழமை வண்டியில் திரும்பினான். மடியில் கொய்னா டின் ஒன்று. அது தெரியக் கூடாது என்று வேட்டியை அப்படி இப்படி இழுத்துவிட்டுக்கொண்டே வந்தான். லயத்தை நெருங்கியபோது பக்கிரிசாமியின் முனகல் தண்டவாளம் வரைக்கும் கேட்டது. இராஜம்மா அது வெளியே கேட்காமலிருக்க வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. அவள் எவ்வளவு நேரமாகப் பாடுகிறாளோ.

டின்னை அவள் கையில் கொடுத்தான். பிறகு கூலிகளின் கொட்டகைக்குப் போய் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு, பட்டப் பகலில், வாய்க்கால் அடைப்புக்கு நடந்தான். வீரம் ஒன்றும் இல்லை. கடப்பாரை கை வியர்வையில் வழுக்கியது. லயத்தில் அவன் போவதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. போன வாரம் என்றால் அவனும் சாத்தியிருப்பான்.

இரண்டு குத்து குத்தியிருப்பான். மண் இறுகிக் கிடந்தது. இராஜம்மா மண்வெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் குடை தெரிந்தது.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் காணும்!" கார்த்திகேசு ஓடி வந்தார். "இது பெரிய குற்றம்! துரை அறிஞ்சா உம்மையும் என்னையும் சேத்தெல்லோ..." அவர் நின்றார். குடை கீழே விழுந்தது. இரண்டு கையாலும் தன்னையே கட்டிப் பிடித்துக்கொண்டு மண் மேட்டின் மேல் உட்கார்ந்தார். பல் கிட்டிக்கொண்டது. கோட்டின் பொத்தான்கள் கிலுகிலுவென்றன.

ஸ்டானிஸ்லாஸும் இராஜம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை நாளாங்க ஐயா?" என்று கேட்டாள் இராஜம்மா.

"ரெண்டு மாசம்," என்றார் கார்த்திகேசு. "டம்ளரைப் பிடிச்சுக்கொண்டு வீடு வீடாத் திரியேக்கை எண்ட கை நடுங்கினதை ஒருத்தரும் பாக்கேல்லை. எல்லாரும் தங்கட கையைத்தான் பாத்தவை."

ஸ்டானிஸ்லாஸ் கடப்பாரையை ஓங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"நீர் செய்யிறது பெரிய குற்றம்," என்றார் கார்த்திகேசு மறுபடியும், நடுங்கிக்கொண்டே. "அதிலை குத்தாதையும். அது களிமண். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போடும். அங்கை வெறும் மணல்தான் கொட்டினது. நான்தானே பக்கத்திலை நிண்டனான்."

இடப்பக்கம் போட்டான். மணல் சரிந்தது. முதலில் ஒரு கோடுபோலத் தண்ணீர் கசிந்தது, பிறகு இருந்த மண்ணையும் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. இராஜம்மா வழுக்கி விழுந்து, எழுந்து, சிரித்தாள். லயத்துக் கதவுகள் திறந்தன. பலகைக்கு அடியில் நின்ற தண்ணீர், காணாமல்போன ஒற்றைச் செருப்புகளையும் ஒரு பித்தளைச் செம்பையும் விட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

இராஜம்மா கொய்னாவைக் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கார்த்திகேசு குடித்தார்.

"துரை கேட்டால் இது எங்கையிருந்து வந்த காய்ச்சல் எண்டு சொல்லுறது?" என்றார்.

"இங்கேருந்துன்னு சொல்லுங்க ஐயா," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

கார்த்திகேசு அப்படியே சொன்னார். வாரியம் விசாரித்து, தன்னிடம் அப்படி ஒரு கிராணி எப்போதும் வேலை பார்த்ததில்லை என்று கண்டறிந்தது. அவரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன ரயிலுக்கு வழிவிட்டவன் ஸ்டானிஸ்லாஸ்தான். கார்த்திகேசு ஜன்னல் வழியாகக் குடையை உயர்த்திக் காட்டினார். கை நடுங்கவில்லை. மருந்து கேட்டிருந்தது.

வாய்க்காலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டர்பரி துரை வந்தபோது நிலம் காய்ந்திருந்தது. மரங்கள் குடித்து முடித்துவிட்டன என்று அவர் நாற்காலியின் மேல் நின்று அறிவித்தார். இந்த முறை நாற்காலி இறங்கவில்லை. மாதங்கள் போகப் போக லயத்தில் குளிர் குறைந்தது. சீமையிலிருந்து துரைக்கு ஒரு பதக்கம் வந்தது.

பெர்னடெட் தேறித் திரும்பி வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. மரங்கள் ஒழுங்காகக் குடிக்கின்றனவா என்று பார்க்க வாரியம் ஆண்டுதோறும் வரும். அவளை மரத்தடியில் நிறுத்தும். முதல் வருஷம் அவள் சும்மா நின்றாள். துரையின் முகம் மாறியது. "தண்ணீர் போதவில்லையோ?" என்று சொல்லி அவர் வாய்க்கால் இருந்த பக்கம் திரும்பினார்.

பெர்னடெட் உடனே நடுங்கத் தொடங்கினாள். தோள், தாடை, தலை. துரைக்குத் திருப்தி. வாய்க்காலை மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் எல்லா வருஷமும் நடுங்கினாள். லயத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இராஜம்மா கண்ணடிப்பாள். ஸ்டானிஸ்லாஸால் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வாரியத்தின் கடைசி ஆள் போனதும் சேற்றையும் வேரையும் தாண்டி ஓடிப்போய் அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பான்.

"நடிப்புதாங்க," என்பாள் அவள், சிரித்துக்கொண்டே.

"தெரியும்," என்பான். கையை மட்டும் எடுக்க மாட்டான்.